அண்ணன் வரைந்த டோலி

டிசைன் என்றால் எங்கள் போடியில் சேலைக் கரை, தரையில் பதிக்கிற மொசைக் கல், கல்யாணப் பத்திரிகையின் ஓரத்துப் பூ. கண்ணுக்கு நன்றாக இருந்தால் நல்ல டிசைன், அவ்வளவுதான். யாராவது அந்த வார்த்தையை வாய் நிறையச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக இருக்கும். அவர்கள் மேல் தப்பில்லை. எனக்கு அதைக் கேட்டதும் என் மதினியின் ஞாபகம் வந்துவிடுகிறது.

எழுபதுகளில் குரங்கணிக்கு மேலே மலைச்சரிவில் எங்களுக்குக் கொஞ்சம் ஏலத்தோட்டம் இருந்தது. ஜீப்பு குரங்கணி வரைதான் வரும். அதற்கு மேல் சுமைக் கழுதையும் மனிதர்களும் நடக்கிற ஒற்றையடிப் பாதை. மேலே யாருக்காவது முடியாமல் போனால் காட்டில் ஒரு கம்பை வெட்டுவோம். கம்பளியின் இரண்டு முனைகளையும் அதில் கட்டி, ஆளை உள்ளே கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவராகத் தோளில் வைத்து இறக்குவோம். அதுதான் டோலி. வழியில் உயிர் போய்விட்டால் அந்தக் கம்பைத் திரும்ப மேலே கொண்டுவரக் கூடாது. ஓடையில் விட்டுவிட்டுக் கை கால் கழுவிக்கொண்டுதான் ஏற வேண்டும். கம்பளியும் வீடு திரும்பாது. அதனால் யார் வீட்டிலும் டோலிக் கம்பு என்று ஒன்றை எடுத்து வைக்கிற வழக்கமே இல்லை. யாருக்காகவும் முன்கூட்டி வெட்டி வைத்தால் அது சாவைக் கூப்பிடுவது போல. ஒவ்வொரு தடவையும் புதுக் கம்பு, பச்சைக் கம்பு, பாரமான கம்பு.

அண்ணனுக்குக் கல்யாணமான மறு வருஷம் மதினிக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்துவிட்டது. கம்பளியில்தான் இறக்கினோம். கம்பளி ஆளை இரண்டாக மடக்கிவிடும், முழங்கால் வந்து நெஞ்சில் இடிக்கும். பாதி வழியில் குழந்தை பிறந்தது, அழவில்லை. மதினி பிழைத்ததே பெரிய காரியம். அடுத்த தடவை இப்படி மடக்கிக் குலுக்கிக் கொண்டுவந்தால் தாயும் தங்கமாட்டாள் என்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அண்ணனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். மதினி மறுபடி உண்டானபோது அண்ணனுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் வந்தது.

அண்ணன் மதுரையில் டிராப்ட்ஸ்மேன் படித்தவன். நாங்கள் இரண்டு பேரும் போடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தோம். காய் எடுக்கிற மாதங்களில் மட்டும் மலையேறிவிடுவோம். மதினியைப் போடியிலேயே வைத்திருக்க வேண்டியதுதானே என்று இன்றைக்கு யாரும் கேட்கலாம். காய் எடுக்க ஆள் வேண்டும், எடுத்தால்தான் சோறு. எட்டாம் மாதம் பிறந்ததும் இறக்கிவிடலாம் என்று பேச்சு. அதற்கு முன்னால் வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அண்ணனைத் தின்றது. அதற்காகத்தான் டோலிக்குப் பதிலாக ஒரு நாற்காலி வரைந்தான்.

முதலில் வரைந்தது அத்தனை அழகு. நான்கு மூலைக்கு நான்கு பேர் தூக்குகிற இரும்புக் குழாய் நாற்காலி. நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். பட்டறையில் செய்து மேலே கொண்டுபோய் வைத்தால், பாதையில் இரண்டு பேர் சேர்ந்து நிற்கவே இடமில்லை. அந்தப் பாதையில் பிறந்து வளர்ந்த நாங்கள்தான் அதை மறந்திருந்தோம். மேசை மேல் வரையும்போது எல்லாப் பாதையும் அகலம்தான்.

அதற்குப் பிறகு அண்ணன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான். டோலியில் இறங்கிப் பிழைத்தவர்களைத் தேடிப் போய் எப்படி இருந்தது என்று கேட்க ஆரம்பித்தான். பக்கத்து எஸ்டேட்டு மேஸ்திரி ஒருவர் கால் முறிந்து இறங்கியவர். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டாராம். கம்பளி விலகும்போதெல்லாம் கீழே பள்ளம் தெரிந்ததே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்றார். அண்ணன் நாற்காலியைத் திருப்பிப் போட்டான். உட்கார்ந்தவர் முகம் மலையைப் பார்த்திருக்கும், இறங்குவது முதுகுப் பக்கமாக. நான்கு குழாய்க்குப் பதில் ஒரே நீளக் குழாய். அதில் நாற்காலி தொங்கும், சரிவு எப்படி இருந்தாலும் இருக்கை மட்டமாக நிற்கும்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் நோயாளி நான்தான். நான் ஒல்லி. வளைவில் குழாய் திரும்பாமல் என்னைப் பாறையில் மோதினார்கள், குழாயின் நீளத்தைக் குறைத்தோம். கால்பலகை கல்லில் இடித்து என் பெருவிரல் நகம் போனது, பலகையை மேலே ஏற்றினோம். இருக்கைக்குத் தகரம் போட்டால் குளிர்கிறது என்று கட்டில் நாடா பின்னினோம். கடைசியில் மதினியே ஏறி உட்கார்ந்து பார்த்தாள். மாப்பிள்ளை ஊர்வலம் மெதுவாகப் போகட்டும் என்று எங்களைக் கேலி செய்தாள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

மகளைப் பார்த்துக்கொள்ள ராசிங்காபுரத்திலிருந்து அத்தை, அதாவது மதினியின் ஆத்தா, வந்திருந்தாள். கம்பு வழக்கத்தை அண்ணன் மறந்துவிடவில்லை. இதை எடுத்து வைத்திருப்பது சாவைக் கூப்பிடுவதாகாதா என்று அத்தையிடம் கேட்டான். மகளின் தலைமாட்டில் ஏற்கெனவே அரிவாள் வைத்திருந்தவள் அத்தை. இரும்பு இருக்கிற இடத்தில் காத்து கருப்பு அண்டாது, இது மரமில்லையே என்று சொல்லி அவளே நாற்காலிக்குக் குங்குமமும் வைத்தாள். அண்ணனுக்கு நிம்மதியாகிவிட்டது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டோம் என்று நினைத்தோம்.

ஆவணியில் பக்கத்து எஸ்டேட்டில் ஒரு ஆளைக் காட்டுமாடு குத்திவிட்டது. நாற்காலியைக் கேட்டு ஓடிவந்தார்கள். இல்லை என்று எப்படிச் சொல்வது? நானும் தோள் கொடுத்தேன். ஒரு வளைவிலும் தட்டவில்லை, ஒரு இடத்திலும் சரியவில்லை. ஓடையைத் தாண்டும்போது அந்த ஆளின் தலை தொங்கிவிட்டது. நாடாவை அவிழ்த்து எரித்துவிட்டு, இரும்பைத் தேய்த்துக் கழுவி, புது நாடா பின்னி மேலே கொண்டுவந்தோம்.

சில நாளில் மதினிக்கு வலி கண்டது. விடிந்ததிலிருந்து மழை. அண்ணன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தான். அத்தை நிலைக்கதவை மறித்து நின்றுகொண்டாள்.

"வேணாம் மாப்ளே. ஒரு உசுரு போன எடத்துல எம்புள்ளைய உக்கார வைக்க மாட்டேன்."

"இது இரும்புதானத்தே. நீங்கதான இரும்பு காக்கும்னு சொன்னீக?"

"காக்குற இரும்புன்னா அந்த மனுசனக் காத்திருக்கணுமில்ல?"

அண்ணன் அவளைத் தாண்டி உள்ளே போய் மதினியிடம் கெஞ்சினான். மதினி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் பயமா இருக்குங்க. கம்பளியிலயே கொண்டு போங்க."

பயந்து நடுங்குகிற பிள்ளைத்தாய்ச்சியைப் பிடித்து உட்காரவைக்க யாருக்குக் கை வரும்? மழையில் கம்பு வெட்டப் போனேன். கிடைத்தது வளைந்த கம்பு. பட்டை ஈரத்தில் தோளில் நிற்காமல் வழுக்கியது. கம்பளி தண்ணீர் குடித்து இரண்டு ஆள் பாரமானது. இறங்குகிற வழியெல்லாம் மதினி கத்தினாள், ஓடைக்கு இந்தப் பக்கம் வரும்போது கத்தவில்லை. காப்பிச் செடிகள் ஆரம்பிக்கிற இடத்தில் இறக்கிவைத்துப் பார்த்தோம். தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. நாற்காலியில் வந்திருந்தால் பிழைத்திருப்பாளா என்று டாக்டரம்மாவிடம் கேட்டோம். சொல்ல முடியாது என்றார். அந்தப் பதிலைக் கேட்காமலே இருந்திருக்கலாம்.

அத்தை மார்பில் அறைந்துகொண்டு நான்தான் கொன்றேன் என்று அழுதாள். எனக்கு அவள் மேல் கோபம், நெஞ்சு வெடிக்கிற கோபம். அண்ணனுக்கு அது துளியும் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. முட்டாள் சனம் என்று நான் கத்தியபோது, சனம் இருக்கிறபடி இருக்கிறது, நான் வரைந்ததுதான் தப்பு என்றான்.

காரியம் முடிந்த பிறகு நாற்காலியைப் பட்டறைக்குக் கொண்டுபோய் வெட்டிப் போட்டான். மறுபடி வீடு வீடாகப் போனான். இந்தத் தடவை கேட்டது வேறு. உங்கள் வீட்டு ஆளை எதில் வைக்கச் சம்மதிப்பீர்கள் என்று கேட்டான். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். எங்கள் வீட்டுத் துணி, எங்கள் வீட்டுக் கம்பு என்றால் சரி. அப்படியானால் கம்பை முன்கூட்டி வெட்டி வைப்பதற்குப் பயமில்லையா என்று கேட்டதற்கு, வீட்டு விட்டத்துக்கு மாற்றுக் கம்பு என்று சொல்லி வைத்தால் என்ன என்று மேஸ்திரியின் மனைவி சொன்னாள். கோடையில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கம்பு வெட்டி, செதுக்கி, கூரைக்கு அடியில் காயப் போட்டார்கள். எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணன் செய்தது இரண்டு இரும்புக் கவ்விகள், அவற்றில் மாட்டுகிற ஒரு சட்டம், அவ்வளவுதான். கவ்வி கம்பைப் பிடிக்கும். சட்டத்தில் அந்தந்த வீட்டுக் கெட்டித் துணியைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆள் மடங்காமல், மலையைப் பார்த்து உட்கார்ந்து வரலாம். பொது இரும்பு யார் உடம்பிலும் படாது. உயிர் போனால் கம்பும் துணியும் போய்விடும், இரும்பைப் பட்டறைத் தீயில் காட்டித் திருப்பிக் கொடுப்போம். பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத பொருள். எண்பதுகளில் தோட்டத்தை விற்றுவிட்டு நாங்கள் இறங்கும் வரை அதில் எத்தனையோ பேரைக் கொண்டுவந்தோம். சிலர் செத்தார்கள். அதற்காக அடுத்தவர் ஏற மறுத்ததில்லை.

அதில் முதலில் இறங்கியது மேஸ்திரியின் மகள். அவளுக்கும் பிரசவ வலிதான். போடியில் ஆண் குழந்தை பிறந்தது. மேஸ்திரி குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு நேராகப் பட்டறைக்கு வந்து அண்ணன் கையில் கொடுத்தார். அண்ணனுக்குக் குழந்தையைப் பிடிக்கத் தெரியவில்லை. கரிக் கையோடு அப்படியே அசையாமல் நின்றான். மேஸ்திரி நல்ல மனுஷன், மனதாரப் பாராட்டத்தான் வந்தார்.

"நல்லாச் செஞ்சிருக்கப்பா. மொதல்லயே இப்படிச் செஞ்சிருக்கலாம்ல?"

அண்ணன் குழந்தையிடமிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"மொதல்ல எப்படிண்ணே தெரியும்? அவ போன பெறகுதான தெரிஞ்சிச்சு."