சும்மா ஓட்டுவதற்கு ஒரு சைக்கிள்

பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன். இதை எழுத நினைத்தே வருடங்கள் போய்விட்டன. சைக்கிள் வாங்கியதெல்லாம் ஒரு விஷயமா என்று பேனாவை வைத்துவிடுவேன். சாதாரணதரப் பரீட்சையோடு பள்ளிப்படிப்பை விட்டவள் நான். ஆனால் நான் வாய் திறக்காததால் என் கதை ஊரில் வேறு மாதிரி நடமாடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நாட்டில் பெற்றோல் இல்லாமல் போன அந்த வருடம் இரவல் சைக்கிளில் மாத்தளை டவுனுக்குப் போய் வந்தேன். அவசரத்துக்குத்தானே என்று ஒருவரும் குறை சொல்லவில்லை. பிறகு பெற்றோல் வந்தது, சைக்கிள் சொந்தக்காரரிடம் போனது. ஆசை மட்டும் போகவில்லை.

என் கணவரிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை, ஊர் கேட்குமே என்றுதான் பயந்தார். உனக்குச் சீனி வருத்தம், நோய்க்கு டொக்டர் சைக்கிள் ஓட்டச் சொன்னார் என்று சொல்லிவிடுவோம் என்றார்.

"எனக்கு சீனி இல்லியே. ஒரு சைக்கிளுக்காக அல்லாஹ்கிட்ட பொய்க்காரியா நிக்கவா?" என்றேன். அவர் சேர்ட்டை மாட்டிக்கொண்டு என்னோடு சைக்கிள் கடைக்குக் கிளம்பினார்.

கடைக்காரத் தம்பி முதலில் இழுத்துக் காட்டியது குரூசர். தாழ்ந்து வளைந்த உடம்பு, அகன்ற சீட், செயினுக்கு மூடி, முன்னால் கூடை. அழகில் குறையில்லை. அபாயாவோடு ஏறி உட்காரலாம். கணவருக்குக் கூடைதான் பிடித்தது. அதில் ரெண்டு கீரைக்கட்டு கிடந்தால் எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்கமாட்டார்களாம். அதுவும் பொய்தானே, கீரை வாங்கிய பொய்.

தூக்கிப் பார்த்தேன், நல்ல பாரம். கியர் இல்லை. எங்கள் வீட்டுக்கு நாலந்தா ரோட்டிலிருந்து பள்ளிவாசலைத் தாண்டி ஒரே ஏற்றம். குரூசர் என்றால் பள்ளிச் சுவரோரம் இறங்கித் தள்ளவேண்டும்.

பக்கத்தில் ஹைபிரிட் ஒன்று நின்றது. பாரமில்லை, கியர் இருந்தது. கூடையும் மூடியும் இல்லை. சீட்டுக்கு முன்னால் ஒரு கம்பி குறுக்கே சரிவாகப் போனது.

"மாமி, அது பொடியன்மார் ஓட்டுறது. உங்களுக்கு இதுதான் சரி."

"மேடு, பொடியனா மாமியான்னு பாக்காது மகன்."

ஹைபிரிட்டையே வாங்கினேன். தொளதொளத்த சல்வார் தைத்து, கணுக்காலில் இறுக்கப் பட்டி வைத்தேன். மேலே முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்த்தா. மறைக்கவேண்டியதெல்லாம் மறைந்திருக்கிறது. என் சந்தோஷத்தையும் மறைக்கவேண்டும் என்பவர்கள் அதற்கு மார்க்கத்தில் ஆதாரம் காட்டட்டும்.

முதல் நாள் சுபஹு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்ததும் ரோட்டுக்கு இறங்கினேன். காற்று முகத்தில் பட்டபோது அல்லாஹ்வை நினைக்கும் திக்ர் தானாக நாவில் வந்தது. திரும்பி ஏறும்போது பள்ளிச் சுவரோரம் ஆண்கள் பேசிக்கொண்டு நின்றார்கள். என் கணவரும் அவர்களுக்குள்தான். கியரைக் குறைத்து மிதித்தேன். மூச்சு வாங்கியது.

"எங்க புள்ள போயிட்டு வாற?" என்றார் பள்ளி நிர்வாகத்துப் பெரியவர்.

நின்றால் அந்த மேட்டில் மறுபடி ஏறமுடியாது. "ஒரு இடத்துக்கும் இல்ல மாமா, சும்மா" என்று சொல்லிக்கொண்டே மிதித்தேன். முதுகுக்குப் பின்னால் பெரியவர் என் கணவரிடம் கேட்பது காதில் விழுந்தது: "சும்மாவா? வீட்டுல வேல இல்லியோ?"

சீனி வருத்தத்தை எடுத்து விடப்போகிறாரோ என்று காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தேன். இவர் தொண்டையைச் செருமினார்.

"வேலய முடிச்சிட்டுத்தான் போறா. முடியாட்டியும் போவா."

யாரோ சிரித்தார்கள். நான் இறங்கவேயில்லை. வாசல்வரை மிதித்தே போனேன்.

அப்படியும் ஊர் விடவில்லை, நாங்கள் சொல்லாத பொய்யைத் தானே கட்டிக்கொண்டது. பாவம், அவளுக்குச் சீனியாம், அதனால்தான் ஓட்டுகிறாளாம் என்று ஊர் முழுக்கப் பேச்சு. எனக்குப் பாகற்காய் கொண்டுவந்து தந்தவர்களும் உண்டு. நன்றாகச் சமைத்துச் சாப்பிட்டேன், அல்லாஹ் அவர்களுக்குப் பரக்கத் செய்யட்டும்.

வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடியே சொல்லுங்கள். என்மேல் இரக்கப்பட்டு ஒரு நோயைச் சேர்க்காதீர்கள். மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு கூடையையும் மாட்டிவிடாதீர்கள். அல்ஹம்துலில்லாஹ், உடம்பு சுகம். பிடித்திருக்கிறது, ஓட்டுகிறேன்.