சாக்கில் கட்டிய எண்ணெய்த் துணி

காய்கிற பொருள் எதுவானாலும் குளிரும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் தண்ணீர் தெளித்தால் அது காயக் காயத் தரை குளிர்கிறது. குளித்துவிட்டு ஈரத் துண்டோடு காற்றில் நின்றால் பல் கிட்டுகிறது. பாலிஷில் கலக்கும் தின்னரைக் கையில் தடவினால், ஆவியாகிப் போவதற்குள் ஐஸ் வைத்த மாதிரி சில்லென்று இருக்கிறது. மரக்கதவுக்கு பாலிஷ் போட்டுப் பிழைக்கிறவனுக்கு இதற்கு மேல் என்ன படிப்பு வேண்டும்?

இந்த நம்பிக்கையைக் கையில் வைத்துக்கொண்டுதான் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மனிதரைப் பழிவாங்கப் புறப்பட்டேன்.

காந்திபுரத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் என் கடை. கதவு, ஜன்னல் செய்து பாலிஷ் போட்டுக் கொடுப்பது தொழில். நேர் எதிரே அதே தொழிலில் இன்னொருவர். என்னைவிட மூத்தவர், ஆகிருதியும் பெரிசு. சோமனூரில் தறி ஓட்டுகிற ஒருவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். தலைவாசல் கதவை என்னிடம் கொடுத்திருந்தார். அது நல்லபடியாக அமைந்தால் சோமனூரில் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் என் கடைப் படி ஏறுவார்கள் என்று கனவு கண்டுகொண்டிருந்தேன். கதவைப் பார்க்க வந்தவரை எதிர்க்கடைக்காரர் டீக்கடைக்குக் கூட்டிப்போய், "தேக்குன்னு சொல்லி வாகையைக் கலந்து தள்றாருங்க, எதுக்கும் தட்டிப் பாத்துக்கோங்க" என்று ஓதிவிட்டார். தறிக்காரர் திரும்பி வந்து, சந்தையில் தேங்காய் வாங்குகிறவர் மாதிரி என் கதவைத் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டார்.

பின்பக்கத்துச் சட்டம் ஒன்று வாகைதான். அதற்காக? அதைச் சொல்ல இவர் யார்?

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேரில் சண்டைக்குப் போகலாம். ஆனால் அவருடைய கை என் தொடை கனம் இருக்கும். அதனால் ஆனைமலைக்குப் போனேன். அங்கே அம்மன் கோயிலில், அநியாயத்துக்கு ஆளானவர்கள் மிளகாய் அரைத்துக் கல்லில் பூசுவார்கள். அநியாயம் செய்தவனுக்கு உடம்பெல்லாம் எரியும் என்பது நம்பிக்கை. மற்றவர்கள் ஒரு கைப்பிடி அரைத்தார்கள். நான் கல்யாண விருந்துக்கு அரைப்பதுபோல் அரைத்தேன். பக்கத்தில் அரைத்துக்கொண்டிருந்த அம்மாள் வேடிக்கை பார்த்துவிட்டு, "ஏஞ்சாமி, ஊரையே எரிக்கோணுமா?" என்றார்.

"ஒரே ஒரு கடைதானுங்க," என்றேன்.

அந்தக் கையாலேயே கண்ணைக் கசக்கித் தொலைத்தேன். பொள்ளாச்சியிலிருந்து கோவை வரை பஸ்ஸில் கண்ணீர் வழிய வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் இரக்கப்பட்டு, "யாருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார். "இனிமேத்தானுங்க," என்றேன்.

சந்துக்குள் நுழைந்தால் புகை. அம்மன் இவ்வளவு சுருக்காகவா என்று மனசு குதித்தது. இன்னும் நாலு எட்டு வைத்த பிறகுதான் தெரிந்தது, புகை என் கடையிலிருந்து வருகிறது. பூட்டு உடைந்து தொங்கியது. உள்ளே, மரத்துக்கு எண்ணெய் தேய்த்த துணிகளைப் போட்டுவைக்கும் மூலை கரியாகிக் கிடந்தது. தலைவாசல் கதவின் அடி ஓரம் கருகியிருந்தது. நடுவில் காலி வாளியோடு எதிர்க்கடைக்காரர்.

அம்மனுக்கு விலாசம் மாறிப்போய்விட்டதா? அல்லது விசாரித்துத் தீர்ப்பே சொல்லிவிட்டாளா, அந்த வாகைச் சட்டத்துக்காக? அடுத்த நொடியே புத்தி வேறு பக்கம் ஓடியது. தீ வைத்ததே இந்த ஆள்தான்.

"பூட்டை யாருங்க ஒடச்சது?"

"நாந்தானுங்க. பொகை வந்துச்சு. எண்ணெத்துணியெல்லாம் சாக்குல அமுக்கி வெச்சுக் கடையைப் பூட்டிப்போட்டுப் போயிட்டீங்க. அது தானாப் பத்திக்குமுங்க."

"துணி தானாப் பத்துமா? அப்புறம் உங்க வேட்டி ஏனுங்க இன்னும் பத்தல?"

வாசலில் கூடியிருந்த கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் என்னைக் கெடுத்தது.

எண்ணெய் என்று நாங்கள் பேசியது ஆளிவிதை எண்ணெய், பக்குவமாகக் காய்ச்சியது. கடைகளில் டபுள் பாயில்டு என்று கேட்டால் கொடுப்பார்கள். மரத்தில் துணியால் தேய்த்துவிட்டால் காய்ந்து இறுகிக்கொள்ளும். காய்கிறது என்றால் அது குளிர்ந்தாக வேண்டும். அதுதானே என் சட்டம்.

தறிக்காரர் சேதி கேட்டு மறுநாள் வந்தார். கருகின கதவைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "ஆரோ வெச்ச தீயின்னா உங்க மேல தப்பில்லீங்க, கதவு இங்கயே இருக்கட்டும். துணி தானாப் பத்துச்சுன்னா, நாளைக்கு என்ற கதவே சாம்பலாயிருமுங்க. நான் எதுத்தாப்புலயே குடுத்தர்றேன்."

டீக்கடை முன்னால் பஞ்சாயத்து கூடியது. நான் தின்னர் பாட்டிலைக் கொண்டுவந்து எதிர்க்கடைக்காரர் உள்ளங்கையில் ஊற்றினேன்.

"எப்படியிருக்குதுங்க?"

"சில்லுனு இருக்குது."

"காயறது சுடுதா, குளுருதா?"

"குளுருதுங்க."

"அவ்வளவுதானுங்க கேஸு!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தேன்.

அவர் காய்ந்துபோன உள்ளங்கையை எல்லாருக்கும் காட்டினார். "தின்னர் போயே போச்சுங்க. எண்ணெ எங்கீங்க போவுது? துணியிலயேதான உக்காந்திருக்குது?"

பதில் தெரியாதபோது நான் குரலை உயர்த்துவது வழக்கம். "நாளைக்கே ஒரு சாக்குல கட்டி என்ற கடை முன்னால வெக்கறேன். பத்துச்சுன்னா கதவை நானே கொண்டாந்து உங்க கடையில வெக்கறனுங்க. பத்தலீன்னா, தீ வெச்சது நாந்தான்னு நீங்க இதே டீக்கடையில நின்னு சொல்லோணும்."

"ஆகட்டுமுங்க," என்றார், டீயை ஆற்றிக்கொண்டே.

காலையில் பழந்துணியெல்லாம் எண்ணெயில் முக்கிப் பிழிந்தேன். எண்ணெயில் கஞ்சத்தனம் பண்ணினான் என்று ஒருத்தன் சொல்லக் கூடாது. சாக்கில் போட்டுக் காலால் மிதித்து அமுக்கினேன். நடுவில் யாராவது தீக்குச்சியைச் சொருகிவிட்டால்? அதனால் வாயைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினேன். இன்றைக்கு இந்த ஆள் மானத்தைக் காற்றில் பறக்கவிடப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் விசில்கூட வந்தது.

வெயிலில் சாக்கு, பக்கத்தில் நான். எதிரே ஸ்டூல் போட்டு அவர்.

மத்தியானம் என் மனைவி சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். "ஏனுங் மாமா, பொழப்பை உட்டுப்போட்டு மூட்டைக்குக் காவலா?" என்றவள், சும்மா இருக்காமல் சாக்கின் மேல் கை வைத்தாள். "காய்ச்சக்காரன் நெத்தியாட்டச் சுடுதே!"

"வெயிலுடி. வாயை மூடு."

சாக்கைக் கடையின் நிழலுக்கு இழுத்துப் போட்டேன். வெயிலில் வந்த சூடு நிழலில் இறங்க வேண்டும். இறங்கவில்லை. சோற்றைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, யாரும் பார்க்காதபோது தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கின சோற்றுப் பானை மாதிரி இருந்தது. பெயின்டை வறுத்தது போல ஒரு காட்டமான வாடையும் கிளம்பியது.

எனக்கு வேர்வை ஊற்றியது. தடுக்கி விழுவதுபோல் விழுந்து டீக்கடைத் தண்ணீர் டம்ளரைச் சாக்கின்மேல் கவிழ்த்துவிடலாமா? ஒரு டம்ளர் எந்த மூலைக்கு? மயக்கம் வந்தவனாகச் சாக்கின்மேலேயே சாய்ந்து மறைத்துவிடலாமா? வெந்துபோவேன்.

"என்னங்க இப்புடி வேர்க்குது?" என்றார் எதிரிலிருந்து.

"வெயிலுங்க."

"நெழல்லதான உக்காந்திருக்கறீங்க?"

அப்போதும் என் நம்பிக்கை சாகவில்லை. கொஞ்சம் காற்றுப் பட்டால் ஆறிவிடும். மாட்டுக்குக் கயிறு தளர்த்துகிறவன் மாதிரி முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்த்தேன். வாயை விரித்து ஒரு உதறு உதறினேன். உள்ளே நடுவில் துணி கருத்துச் சிவந்து கிடந்தது. காற்றுப் பட்டதும் குப்பென்று எழுந்த தீயில் என் இடது மீசை போயிற்று.

அவர் வாளியோடு ஓடிவந்து தண்ணீரைக் கொட்டினார். பெரிய ஆவி எழும்பியது; அந்தத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொண்டு மேலே போக, சாக்கு அணைந்தது. என் தீயை அவர் அணைப்பது இது இரண்டாவது தடவை. வாகைச் சட்டத்தைச் சொன்னதைக்கூட எப்போதோ மன்னித்துவிட்டேன். அந்த இரண்டு வாளித் தண்ணீரை இன்றுவரை மன்னிக்கவில்லை.

தீக்குச்சியை யாரும் கிழிக்கவில்லை. தின்னர் ஆவியாகிப் போகும்போது கையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆளிவிதை எண்ணெய் ஆவியாவதில்லை. காற்றோடு சேர்ந்து வேறு பொருளாக இறுகுகிறது, இறுகும்போது சூட்டை வெளியே விடுகிறது. துணியைக் கொடியில் விரித்துப் போட்டிருந்தால் அந்தச் சூடு காற்றில் போயிருக்கும். நான் அமுக்கிக் கட்டியதால் உள்ளேயே சேர்ந்து பற்றிக்கொண்டது. ஆனைமலைக்குப் போன அன்றும் கடைக்குள் நடந்தது அதுதான்.

பொழுது இறங்குவதற்குள் கதவு எதிர்க்கடைக்குப் போனது. ஒரு முனையை நானும் மறுமுனையை அவரும் பிடித்துத் தூக்கினோம்.