சுவருக்கும் தலைக்கும் நடுவே

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால், சுவரில் பென்சிலால் எழுதிய எண்கள் இன்னும் இருக்கின்றன. முப்பது. முப்பத்தெட்டு. நாற்பத்தைந்து. அறுபத்திரண்டு வரை போகும். எல்லாம் மில்லிமீட்டர். என் மகளின் பின்னந்தலைக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளி. எழுதிய மகானுபாவன் நான்தான்.

மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. வரும் இரும்புத் தண்டுகளைச் சமதளத்தில் வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பேன். கோணல் இருந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டி ஓரங்கட்டுவேன். என் கண்ணுக்குக் கோணல் தப்பாது என்று ஒரு திமிர். அந்தத் திமிரைக் கம்பெனி பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மகளுக்குப் பதிமூன்று வயதில் மேல்முதுகு கூன் போடத் தொடங்கியது. புத்தகத்தை மடியில் வைத்துக் குனிந்தே படிப்பாள். அது முடிந்தால் செல்போன். வேறென்ன வேண்டும், எனக்குக் காரணம் கிடைத்துவிட்டது. சில ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைச் சுவரோரம் நிறுத்துவேன். குதிகால் ஒட்ட வேண்டும், இடுப்பு ஒட்ட வேண்டும், தலையும் ஒட்ட வேண்டும். தலை மட்டும் ஒட்டாது. ஸ்டீல் ஸ்கேலை நடுவில் விட்டு அளப்பேன்.

“இன்னும் நிமிரு.”

“இவ்ளோதான் நைனா வருது.”

“நடிக்காத. சோம்பேறி! ரிஜெக்ட்!”

முதலில் அவளும் சேர்ந்துதான் சிரித்தாள். ஒரு தடவை கம்பெனியிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டைக் கொண்டுவந்து, அவளுக்குத் தெரியாமல் முதுகில் ஒட்டினேன். விளையாட்டுக்குத்தான். அவள் அதோடு கடைக்குப் போய்த் தயிர் வாங்கிக்கொண்டு வந்தாள். வந்தவள் சட்டையைக் கழற்றும்போது பார்த்திருக்கிறாள். சீட்டைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். அதன் பிறகு நான் அளக்கும்போது அவள் சிரித்ததே இல்லை.

என் மனைவிக்கு அப்போதே உறுத்தியிருக்கிறது. “யோவ், அது வேணும்னு பண்ணல. குந்திகினு எய்தினா முதுவு வலிக்குதுன்னு சொல்லுது. ஒரு டாக்டராண்ட காட்டுய்யா” என்றாள்.

“நாள் பூரா போன நோண்டிகினு இருந்தா வலிக்காம இன்னா பண்ணும்?” என்றேன். அந்த வாயை இப்போது நினைத்தால் எனக்கே அறையத் தோன்றுகிறது.

ஒருமுறை முட்டுக்காட்டில் படகு ஏறினோம். எல்லோருக்கும் ஆரஞ்சு நிற மிதவை ஜாக்கெட் மாட்டினார்கள். வெயிலில் எல்லோரும் எப்போதடா கழற்றுவோம் என்று இருந்தோம். படகு கரைக்கு வந்த பிறகும் அவள் மட்டும் கழற்றவில்லை. படகுக்காரர் இரண்டு முறை கேட்டார். “போட்டோ எடுத்துட்டு குட்துர்றேன் அண்ணா” என்றாள். அந்தப் போட்டோவில் அவள் அழகாகச் சிரிக்கிறாள். ஜாக்கெட் முதுகை மறைத்திருக்கிறது. தோள்பட்டை அகலமாக, நேராகத் தெரிகிறது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பதினாறு வயதில் டியூஷனில் ஒரு மணி நேரம் உட்கார முடியாமல் எழுந்து வந்துவிட்டாள். அப்போதுதான் பயந்தேன். போனில் கைரோபிராக்டர்கள் கழுத்தையும் முதுகையும் ‘படக்’ என்று சொடக்கு எடுக்கும் வீடியோக்கள் வரும். ஒரே சொடக்கில் கூன் நேராகிவிடும் என்று நம்பி, கேளம்பாக்கத்தில் ஒரு பேக்கரி மாடியில் இருந்த கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள் வரும் இடம்.

அங்கிருந்த கைரோபிராக்டர் ஒரு பெண். மகளைக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சை மட்டும் தூக்கச் சொன்னார். பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். கூன் அப்படியே இருந்தது.

“பழக்கத்துல வர்ற கூன், இப்படித் தூக்கினா நேராயிடும் சார். இது நேராகல. வளர்ற வயசுல முதுகெலும்பே முன்பக்கம் கம்மியா வளர்ந்திருக்கலாம். எக்ஸ்ரே பார்க்காம நான் கை வைக்க மாட்டேன்” என்றார். பிறகு நோட்டை எடுத்து, “எப்பலேர்ந்து இருக்கு? அதிகமாகுதா?” என்று கேட்டார்.

எனக்கு எல்லா எண்ணும் மனப்பாடம். பதிமூன்று வயதில் முப்பது, அடுத்த பொங்கலுக்கு முப்பத்தெட்டு என்று மடமடவென ஒப்பித்தேன். கொஞ்சம் பெருமையாகக்கூட ஒப்பித்தேன், பாவி. அவர் எழுதுவதை நிறுத்தினார்.

“மூணு வருஷமா அளந்துகிட்டே இருந்தீங்களா?”

கம்பெனியில் நாலு தண்டு வரிசையாகக் கோணல் ஏறினால் போதும், லைனை நிறுத்திவிடுவேன். தண்டை யாரும் திட்ட மாட்டோம். மெஷினில் என்ன கோளாறு என்று பார்ப்போம். பெற்ற பெண்ணுக்கு மட்டும் நான் அதைச் செய்யவில்லை.

செங்கல்பட்டில் எலும்பு டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினார். மூன்று எலும்புகள் முன்பக்கம் ஒடுங்கி, ஆப்பு செதுக்கியது போல் இருந்தன. அவள் குனிந்து படித்ததால் வந்ததில்லை என்றார். வளர்ச்சி இருக்கும்போதே வந்திருந்தால் உடம்போடு இறுக்கும் பெல்ட் போட்டு ஓரளவு தடுத்திருக்கலாம். இப்போது எலும்பு வளர்ந்து முடிந்துவிட்டது, ஆபரேஷன் செய்யும் அளவுக்கும் இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதைத்தான் செய்துகொண்டு நின்றேன்.

எக்ஸ்ரேவைப் பார்த்த பிறகு அந்தக் கைரோபிராக்டரிடமே வாரம் ஒருமுறை போகிறாள். சொடக்கு எதுவும் இல்லை. இறுகிய தசையைக் கையால் மெல்லத் தளர்த்துகிறார், உடற்பயிற்சி சொல்லித் தருகிறார். வலி குறையும், கூன் போகாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். வலி குறைந்துதான் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, கதவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்று பயிற்சி செய்தாள். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் பேப்பர் படித்தேன்.

“இன்னா நைனா, அளக்கலியா?”

“வேணாம்மா.”

“அட, அள.” ஸ்கேலை அவளே எடுத்து நீட்டினாள்.

நடுவில் விட்டுப் பார்த்தேன். அறுபத்திரண்டு. கடைசியாக எழுதிய அதே எண். அவள் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அப்பவும் இப்டித்தான் நைனா நின்னேன்” என்றாள். “முழுசா நிமிந்து. நீதான் நம்பல.”