வெள்ளிக்கிழமை காலியாக இருந்த நம்பர்

கம்ப்யூட்டர் சர்வீஸ் என்பது பாதி ரிப்பேர், மீதி சமாளிப்பு. இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. என் சமாளிப்புகளில் ஒன்றை நினைத்தால் மட்டும் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒன்றுக்குள் ஒன்று

தொண்ணூற்றொன்பதில், சிங்காநல்லூர் பக்கம் ஒரு நூல் மில். ஆபீஸின் பெரிய மிஷினில் லினக்ஸ். பழைய ஸ்டாக் புரோகிராமோ விண்டோஸில்தான் ஓடும். இன்னொரு மிஷின் வாங்க முதலாளிக்கு மனசில்லை. அதனால் லினக்ஸுக்குள்ளேயே மென்பொருளால் ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கி, அதில் விண்டோஸைப் போட்டேன். பிரிட்ஜ் முறையில் இணைத்தால் அது ஆபீஸ் நெட்வொர்க்கில் தனி மிஷினாகவே நிற்கும். ஆனால் நெட்வொர்க்கில் ஒவ்வொரு மிஷினுக்கும் இருப்பதுபோல் அதற்கென்று தனி நம்பர் வேண்டும்; ஒரே நம்பரை இரண்டுக்குக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். பதினேழாம் நம்பரில் ஏதாவது மிஷின் இருக்கிறதா என்று ஒரு பிங் அனுப்பிப் பார்த்தேன். பதில் வரவில்லை. காலி என்று எடுத்துக்கொண்டேன்.

ஸ்க்ரீனில் லினக்ஸும் விண்டோஸும் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதை மேனேஜர் பழனிசாமி கொஞ்ச நேரம் பார்த்தார். "ஏனுங்க, ஒரே பொட்டிக்குள்ள ரெண்டு பொட்டிங்களா? அப்ப கரண்டு ஒண்ணுக்குத்தானுங்களே ஆகும்?"

டெஸ்பாட்ச் மிஷின்

அன்று வெள்ளிக்கிழமை மதியம். சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவின் காதர் பாய் தன் மிஷினை முறையாக அணைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பதினேழு அவர் மிஷினின் நம்பர்; அணைந்து கிடந்ததால்தான் பதில் வரவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் குடோனில் நின்றவர். அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் முன்னால் நாற்காலி கிடைத்திருந்தது.

மறுநாளிலிருந்து அவர் அடிக்கிற சீட்டு பிரிண்டருக்கு ஒரு நேரம் போகும், ஒரு நேரம் போகாது. ஸ்க்ரீனில் ஏதோ இங்கிலீஷில் எச்சரிக்கை வர, மனுஷன் பயந்துபோய் ஓகேயை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்து நான் போய்ப் பார்த்ததும் அவர் நம்பரைத்தான் நான் எடுத்திருக்கிறேன் என்று ஒரே நிமிஷத்தில் விளங்கிவிட்டது. மேனேஜர் பக்கத்திலேயே நின்றார். நான் சத்தமில்லாமல் உள்ளே போய் என் விண்டோஸின் நம்பரை நாற்பதாக மாற்றிவிட்டு வந்து, "துணிக் கவர் போட்டு மூடறீங்க பாய், மிஷின் சூடாகிடுது. இனிமே மூடாதீங்க" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான். பாய் தலையாட்டினார்.

மேனேஜர் அவர் காதுபடவே சொன்னார்: "குடோன் ஆளை இங்க உக்கார வெச்சது என்ற தப்புங்க. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா திரும்ப அங்கயே அனுப்பிப்போடறேன்."

பஞ்சு

நாலு மாதத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். பாயின் மிஷின் செத்துப்போயிருந்தது. திறந்தால், உள்ளே ஃபேன் சுற்ற இடமில்லாமல் பஞ்சு அடைத்து, எல்லாம் கருகிக் கிடந்தது. நூல் மில் காற்றில் பஞ்சுதான் பறக்கும். அதற்காகத்தான் அந்தக் கவர். பாயை முந்தின நாளே குடோனுக்கு அனுப்பிவிட்டார்கள். மேனேஜரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். "ரொம்பத் தூசிங்க" என்று மட்டும் வந்தது. வெட்கக்கேடு.

கேட் அருகில் வண்டியை எடுக்கும்போது பாய் வேகமாக நடந்து வந்தார். கோபமாக வருகிறார் என்று நினைத்தேன். அப்படி வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"தம்பி, நீங்க சொன்னதுக்கப்புறம் ஒரு நாளுங்கூட நான் அதை மூடலீங்க. வேற என்ன தப்பு பண்ணிப்போட்டேன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்."

அன்றிலிருந்து எந்த ஆபீஸுக்குப் போனாலும் எந்த நம்பர் யாருடையது என்று முதல் வேலையாக எழுதி வைத்துவிடுகிறேன்; எந்தத் தப்பு யாருடையது என்று எழுதத்தான் எனக்கு இத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.