ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்

படிவத்தில் 'பிறந்த தேதி'க்கு எட்டே எட்டுக் கட்டம்தான். அதை நிரப்ப வருகிறவர்கள் சொல்லும் கதை எட்டு நாளைக்கு வரும். எங்கள் தொழிலில் சேர்ந்த முதல் நாளே இது தெரிந்துவிடும். பன்னிரண்டாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருந்த நாட்களில், வடக்கே தலைநகரில், லக்ஷ்மிபாய் நகரில், சேகர் அண்ணன் நடத்தும் ஆன்லைன் விண்ணப்பக் கடையில் எனக்கு வேலை. வருகிறவர்களில் பாதிப் பேர் வாழ்நாளெல்லாம் அரசாங்க ஃபைல் தள்ளியவர்கள். ஆனால் சொந்தப் படிவம் என்றால் எங்கள் பக்கம் தள்ளிவிடுவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் தட்டுவேன். அவர்கள் போன பிறகு அவர்கள் குரலிலேயே பேசிக் காட்டுவேன். முதல் வேலைக்காக என்னைச் சேர்த்தார்கள், இரண்டாவதால் மாட்டிக்கொண்டேன். அடுத்தவர் பிறந்த நாளைத் தட்டித் தட்டி விரல் தேய்ந்தவர் யாராவது இதைப் படித்தால், அவருக்கு என் அனுதாபம்.

நாலு நிமிடம்

கிட்வாய் நகரிலிருந்து ஒரு கோயம்புத்தூர் இன்ஜினியர் வந்தார். முதல் குழந்தை, பிறந்து ஆறு நாள். ஆஸ்பத்திரிக் கடிகாரம் நாலு நிமிடம் வேகம், ஆகவே பிறந்த நேரத்தைத் திருத்திப் போட வேண்டும் என்றார். அந்த நாலு நிமிடத்தில் நட்சத்திரம் மாறிவிடுகிறதாம். ஆதாரத்துக்கு ஆஸ்பத்திரிக் கடிகாரத்தையும் தன் கைக்கடிகாரத்தையும் சேர்த்து எடுத்த போட்டோ வைத்திருந்தார். மனைவியின் போட்டோ இருக்கிறதா என்று கேட்டேன். அதற்கு நேரமில்லையாம்.

படிவத்தில் நேரம் கேட்கவே இல்லை என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். மேலிருந்து கீழே இரண்டு தடவை படித்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்: "அவங்க கேக்காட்டி என்னங்க தம்பி, நாம சொல்லோணுமில்லைங்க?"

வேர்

லோதி ரோடு வைத்தியநாதன் சார் ஓய்வு பெற்ற அதிகாரி, தஞ்சாவூர்க்காரர். பேரனின் சான்றிதழில் பெயர் சேர்க்க வந்தார். திரையில் 'பிறப்பு' என்ற சொல்லைப் பார்த்ததும் பேரனை மறந்துவிட்டார். "பிறப்புன்னா என்ன தெரியுமோ? பிறன்னா வேற. அம்மாவோட ஒண்ணா இருந்தது வேறயாறது, அதான் பிறப்பு. பிறர், பிறகு எல்லாம் அந்த வேர்தான்னு நான் நினைக்கறேன். பண்டிதாள்லாம் ஒத்துப்பாளோ என்னமோ." அங்கிருந்து தை பிறப்பது, வழி பிறப்பது, பெண்ணுக்குப் பிறந்த வீடு என்று போய்க்கொண்டே இருந்தார். நான் குரலைப் பாடம் செய்துகொண்டிருந்தேன். வரிசை பக்கத்து ஜூஸ் கடை வரைக்கும் போய்விட்டது.

அவருக்கு அடுத்து நின்றவர் ஸ்டெல்லா அக்கா. ஊர் நாகர்கோவில் பக்கம், இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டு நர்ஸ். டூட்டி முடித்து யூனிஃபார்மோடு நேராக வந்திருந்தார். "சார், பதினோரு வருசமா லேபர் வார்டுல நிக்கேன், இதுவரைக்கும் ஒருத்தியும் வேரைச் சொல்லிக் கத்தல. கொஞ்சம் நகருங்க."

முந்திக்கொண்ட ஞானஸ்நானம்

ஸ்டெல்லா அக்காவுக்கு அயர்லாந்தில் வேலை கிடைத்திருந்தது. மாதக் கடைசிக்குள் பாஸ்போர்ட் காட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். பத்தாவது சான்றிதழில் பிறந்த தேதி ஜூன் ஒன்று. அது ஹெட்மாஸ்டர் போட்ட தேதி. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்று அப்பாவுக்குத் தேதி ஞாபகம் வரவில்லை. பிள்ளைக்கு அஞ்சு வயசு ஆச்சா என்று மட்டும் கேட்டுவிட்டு ஹெட்மாஸ்டரே எழுதிக்கொண்டாராம். "எங்க கிளாஸ்ல பாதிப் பேரு ஜூன் ஒண்ணுதான் மக்களே" என்றார் அக்கா. அவர் ஊர்ப் பேச்சில் நான் ஒருவனே மக்கள்தான்.

அக்காவின் ஃபைலில் ஒரு ஞானஸ்நானச் சான்றிதழும் இருந்தது. ஆதாரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்று பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு அதையும் சேர்த்து அனுப்பினேன். யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் நகலைப் புரட்டிய சேகர் அண்ணன் நிமிர்ந்தார். ஞானஸ்நானம் அதே வருஷம் மார்ச் மூன்று. அண்ணன் மதுரைக்காரர், கோபம் வந்தால் குரல் தாழும். "ஏன்டா, பொறக்குறதுக்கு மூணு மாசம் முந்தியே புள்ளையத் தூக்கிட்டுப் போயி தண்ணி தெளிச்சிருக்காய்ங்க, நீ அதுக்கு ஆதாரமும் அனுப்பியிருக்க."

ஐந்தாவது அழைப்பு

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஸ்டேஷனிலிருந்து ஒரு ஹரியானாக்காரக் கான்ஸ்டபிள் போன் செய்வார். தகரத்தில் ஜல்லி கொட்டுகிற மாதிரி குரல். அப்படி ஒரு குரல் கிடைத்தால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஜூஸ் கடைக்குப் பின்னாலிருந்து, நண்பன் போனில், அந்தக் குரலில் அண்ணனை நாலு தடவை கூப்பிட்டேன். மூன்று தடவை அண்ணன் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, "ஜீ சார்" என்றார். நாலாவது தடவை எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, குட்டு உடைந்தது.

டூட்டியில் போன் எடுக்க முடியாது என்று ஸ்டெல்லா அக்கா கடை நம்பரைத்தான் கொடுத்திருந்தார். ஐந்தாவது அழைப்பு வந்தபோது நான் ஜூஸ் வாங்கப் போயிருந்தேன். திரும்பி வரும்போதே அண்ணன் குரல் கேட்டது: "அடேய் பந்தர், கொரங்கே, ஜல்தி வந்து வேலையப் பாரு. அந்தப் புள்ள ஜூன்ல பொறந்துச்சு, மார்ச்சுல தண்ணி தெளிச்சாய்ங்க, போதுமா?" இதில் பந்தர், ஜல்தி இரண்டும் கான்ஸ்டபிளுக்கு நன்றாகப் புரியும். அண்ணன் வாசலில் என்னைப் பார்த்தார், கையிலிருந்த போனைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "நீ இங்க நிக்கிறன்னா, அங்க பேசுனது யாருடா?"

மாஸ்டர்ஜி

மறுநாள் காலை, கான்ஸ்டபிள் வரச் சொன்னபடி, ஸ்டேஷனுக்கு அக்காவும் நானும் போனோம். அண்ணன் கடையைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. மாதக் கடைசிக்கு ஒன்பது நாள். மேஜை மேல் அக்காவின் ஃபைல், அதன் உச்சியில் நான் அனுப்பிய ஞானஸ்நானம். தப்பு என்னுடையது என்று ஹிந்தியில் ஒப்புக்கொண்டேன். "எங்கே, பேசிக் காட்டு" என்றார் கான்ஸ்டபிள். காட்டினேன். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் "ஜீ பாயி சாப்" என்று எழுந்து வந்து, யார் கூப்பிட்டது என்று தெரியாமல் திரும்பிப் போனார். கான்ஸ்டபிள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. இனி அயர்லாந்து இல்லை என்று அக்கா முடிவு செய்துவிட்டது தெரிந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார்.

"நிஜத்தில் எப்போது பிறந்தாய்?" என்று கான்ஸ்டபிள் அக்காவைக் கேட்டார். "பிப்ரவரி பதினொண்ணு சார். ஜூன், ஹெட்மாஸ்டர் போட்டது." கான்ஸ்டபிள் சட்டைப் பையைத் துழாவினார். பிறகு தன் அடையாள அட்டையை எடுத்து மேஜையில் வைத்தார். பிறந்த தேதி ஜூலை ஒன்று. ஞானஸ்நானத் தாளை மட்டும் உருவி என் கையில் கொடுத்தார். இந்த அம்மா இந்த வீட்டில் இருக்கிறாளா, இவள் மேல் வழக்கு உண்டா, இவ்வளவுதான் தான் எழுத வேண்டியது, இந்தத் தாளை யார் கேட்டது என்றார். எழுதினார். பேனாவை மூடிக்கொண்டு ஹிந்தியில் அவர் சொன்னது தமிழில் இப்படி வரும்: "எங்க மாஸ்டர்ஜி ஒரே காலையில முப்பத்தெட்டுப் பேரைப் பெத்துப்போட்டார், ஒரு தாய்க்கும் வலிக்கல."

எதற்கு வாழ்த்து

கெடுவுக்கு இரண்டு நாள் முன்னால் பாஸ்போர்ட் வந்தது. அக்கா அதை முதலில் எங்கள் கடைக்குத்தான் கொண்டுவந்தார். அண்ணன் கை துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். நான் கான்ஸ்டபிள் குரலில் வாழ்த்துச் சொன்னேன். அண்ணன் பழக்கத்தில் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்தார். இனிமேல் எந்தத் தேதியில் அக்காவுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவது என்று கேட்டேன். அக்கா பாஸ்போர்ட்டைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தார். "ஜூன்ல பொறந்தவ அயர்லாந்துக்கு வேலைக்குப் போறா மக்களே. பிப்ரவரில பொறந்தவ எங்க அம்மைக்கு மகளா இங்கனயே இருக்கட்டும், நீ அவளுக்கே அனுப்பு."

ஆக, 'பிறப்பு' என்ற சொல்லுக்கு வைத்தியநாதன் சார் ஆயிரம் வேர் சொல்லட்டும். நான் தட்டிய படிவங்களின்படி, பிறப்பது என்பது அம்மா செய்து முடித்த வேலைக்கு ஐந்து வருஷம் கழித்து ஒரு ஹெட்மாஸ்டர் கையெழுத்துப் போடுவது.