வாப்பா வண்டியின் முனகல்

கரி அடுப்பில் சூடேறும் என்ஜின் கூட்டின் அலுமினியத்தில் ஊறிக் கிடந்த பழைய எண்ணெய் கருகும்போது எழுகிற காரமான நெடி, எங்கள் வீட்டுக் கொல்லையிலிருந்து கிளம்பி, உம்மா ‘இத்தா’ இருந்த அறையின் திரைச்சீலையைத் தாண்டி உள்ளே வந்துவிடும். வாப்பா மவுத்தாகி மூன்று மாதம் ஆகியிருந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம் அது. கணவனின் தம்பியும் அந்தக் கணக்கில் அந்நியர்தான் என்பதால், உம்மாவுக்கும் சாச்சாவுக்கும் இடையே பேச்சைச் சுமந்தவள் எட்டு வயதுக்காரியான நான்.

சைகோனிலிருந்து வாப்பா கப்பலில் கொண்டுவந்த மோட்டார் சைக்கிள் குரும்பகரம் சாலை மதகுச் சுவரில் மோதியதில் அவரும் போனார், என்ஜின் கூடும் பிளந்தது. அந்த வண்டிக்கு அதற்கு முன்பே ஒரு நோய் உண்டு. பேரிங் உட்காரும் குழி தேய்ந்துபோய், ஓடும்போதெல்லாம் அடித்தொண்டையில் முனகும். “இந்தச் சனியன் எப்பத்தான் வாய மூடுமோ” என்று வாப்பாவே திட்டுவார். ஆனால் தெருமுனையில் அந்த முனகல் கேட்டதுமே உம்மா தட்டில் சோறு போட்டுவிடுவார்கள்.

இத்தாவின் இரண்டாம் மாதத்தில் ஒரு பகல், உம்மா என்னை அருகில் இழுத்து, “சாச்சாட்ட போயி சொல்லும்மா. அந்த வண்டிய ஓட வச்சு, ஒரே ஒரு தடவ தெருமுனையிலேர்ந்து ஓட்டிக்கிட்டு வரச் சொல்லு. நான் உள்ளேர்ந்து கேட்டுக்கிறேன்” என்றார்கள். கொல்லைக்கு ஓடுகிற வழியிலேயே என் அதிகப் பிரசங்கித்தனம் வேலை செய்தது. செய்வதை முழுதாகச் செய்தால்தானே உம்மாவுக்குச் சந்தோஷம்? “வண்டிய ரிப்பேர் பண்ணி ஓட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க சாச்சா. அந்த முனகலும் இருக்கக் கூடாதாம்” என்றேன்.

அரிசி மில்லில் என்ஜின் பார்த்தவர் சாச்சா. அண்ணனுக்காக ஒரு நாளும் வாய்விட்டு அழாதவர், அந்த வேலையில் போய் விழுந்தார். கூட்டின் பிளவை காஸ் வெல்டிங் வைத்து ஒட்டினார். தேய்ந்த குழியைக் கடைந்து அகலமாக்க நாகப்பட்டினத்து லேத் பட்டறைக்கு, அப்போது பிரெஞ்சுக்காரர் கையில் இருந்த எங்கள் ஊரின் எல்லைச் சுங்கச் சாவடியில் சாக்கை அவிழ்த்துக் காட்டிக் காட்டி, மூன்று முறை சுமந்துபோனார். கடைசியில் கூட்டைக் கரியில் சுட வைத்து, தெளித்த தண்ணீர் துள்ளி ஓடும் பதம் வந்ததும் குழிக்குள் இடைவெளியை அடைக்கும் புது வளையத்தையும் புது பேரிங்கையும் இறக்கினார். கூடு ஆற ஆற எல்லாம் இறுகிக்கொண்டன. “இனிமே இது வாயே தொறக்காது” என்றார் திருப்தியாக.

மறுநாள் மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு சாச்சா தெருமுனையிலிருந்து ஓட்டி வந்தார். உம்மா சாத்திய ஜன்னலில் காதை வைத்து நின்றார்கள். வண்டி வாசலுக்கு வந்து நின்ற பிறகும் அப்படியே நின்று, “யாரோ வேற வண்டியில வந்திருக்காங்க போல. சாச்சா எப்பம்மா வருவாரு?” என்று என்னைக் கேட்டார்கள்.

“அது வாப்பா வண்டிதாம்மா.”

உம்மா பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்கள். வாசலில் சாச்சா, “லாத்தாவுக்குத் திருப்தியான்னு உம்மாட்ட கேட்டுச் சொல்லும்மா” என்றார். ரொம்பத் திருப்தியாம் என்றேன். அதுவும் நானாகச் சொன்னதுதான்.

இன்று அந்தச் சுங்கச் சாவடி இல்லை, வண்டி இல்லை, உம்மாவும் சாச்சாவும் இல்லை; கடைசிவரை அவர்கள் இருவரிடமும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாப்பாவின் முகமாவது படத்தில் இருக்கிறது. சாச்சா கழற்றிப் போட்ட பழைய பேரிங்கை எடுத்து வைத்திருக்கிறேன். சில நாள் அதைக் காதருகே பிடித்து விரலால் சுழற்றிப் பார்ப்பேன். கரகரக்கும், அவ்வளவுதான். முனகல் பேரிங்கில் இல்லை, தேய்ந்த அந்தக் குழியில் இருந்தது. அதை அடைக்கச் சொன்னவள் நான்.