வெறும் தகரத்தைத் திருப்பித் தராதவர்

ஆறு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருக்கிறேன். ஈப்போவில் எந்தக் காப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் எவனாவது ஒருத்தன் சொல்லிவிடுகிறான்: "மீரா சாஹிப் ராவுத்தரா? எண்ணெயக் குடுத்துல்ல கூட்டம் சேத்தாரு!" பச்சைப் பொய். அன்றைக்கு நான் அங்கே இருந்தேன், இப்படிப் பேசுகிற பயல் ஒருவனும் இல்லை. எண்ணெய்த் தகரம் ஏற்றி இறக்கும் மாட்டுவண்டிக்காரன் சீனி நான், எழுத்தில் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படிக்கிறவர்கள் தீர்ப்புச் சொல்லட்டும்.

ராவுத்தர் குட்டை ஆள். நடை ஓட்டம் மாதிரி இருக்கும். இடது புருவம் கிடையாது. அது சரவாக்கில், மீரியில் எரிந்துபோனது. சின்ன வயதில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கி, எவனோ சொன்னான் என்று மீரிக்குப் போய், எண்ணெய்க் கிணறு தோண்டுகிற இடத்தில் வேலை பார்த்தவர். பிறகு ஈப்போவுக்கு வந்து ரயிலடிப் பக்கம் மண்ணெண்ணெய்க் கடை போட்டார். கடை நன்றாகவே ஓடியது. சும்மா இருந்திருக்கலாம். மனுஷனால் முடியவில்லை. எண்ணெய் வாங்க வருகிறவர்களை நிறுத்திவைத்து, "இது எங்கேருந்து வருது, சொல்லு?" என்பார். "கப்பல்லேருந்து" என்பார்கள். தலையில் அடித்துக்கொள்வார்.

"சீனி, வெளக்கு ஏத்தாத வீடு உண்டா? ஏத்துறவனுக்கு அது எங்க பொறந்துச்சுன்னு தெரிய வேணாமா? தைப்பிங்குல செத்த முதலையெல்லாம் வச்சுக் காட்டுறான்ல, அது மாதிரி எண்ணெய்க்கு ஒரு காட்சிச்சாலை வைக்கணும்லா!"

ஊரே சிரித்தது. "இவரைத் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏத்துங்கப்பா" என்று காப்பிக்கடைக் கார்த்திகேசு சொன்னதை என் காதாலேயே கேட்டேன்.

அப்போது ரப்பர் விலை விழுந்து கிடந்த நேரம். ரயிலடிக்குப் பின்னால் ஒரு சீன முதலாளியின் சரக்குக் கிட்டங்கி காலியாக இருந்தது. தவுக்கே என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். ராவுத்தர் நடையாய் நடந்து கேட்டார். கடைசியில் தவுக்கே ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் திறந்துவிடுகிறேன் என்றார். "ஓராங் பாஞ்ஞா, கூடாங் லு புஞ்ஞா." ஆள் நிறைந்தால் கிட்டங்கி உனக்கு என்று அர்த்தம். நிறையாவிட்டால் மறுநாளே மாட்டுத் தீவன மூட்டை அடுக்கிவிடுவாராம்.

ராவுத்தருக்குத் தூக்கம் போய்விட்டது. என்னையும் தூங்கவிடவில்லை. மூங்கில் வெட்டிக் கூரை முட்ட ஒரு கோபுரம் கட்டினோம். உச்சியில் உருளை, உருளையில் கயிறு, கயிற்றின் நுனியில் மீரியிலிருந்து அவர் கொண்டுவந்த தேய்ந்துபோன, கிணறு துளைக்கிற இரும்பு. கயிற்றை இழுத்து விட்டால் தொம்மென்று தரையில் குத்தும். பக்கத்தில் ஒரு மேஜை. அதன் மேல் பூமிக்கடியிலிருந்து வந்தபடியே இருக்கிற கறுப்பு எண்ணெய், ஒரு புட்டியில். பிறகு என் வண்டியிலேயே ஏறி, குனோங் ராபாட் பக்கத்துத் தோட்டமெல்லாம் சுற்றினார். "ஞாயித்துக்கெழம வாங்க! எண்ணெய் எப்படி வருதுன்னு காட்டுறோம்!" அவர் சொன்னது அவ்வளவுதான். கொடுக்கிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வண்டி ஓட்டியவன் நான், எனக்குத் தெரியாதா?

ஞாயிறு வந்தது. ஐயோ, அந்தக் கூட்டம்! ஆணும் பெண்ணுமாகப் பாதை அடைத்து வருகிறார்கள். ராவுத்தர் என் தோளைப் பிடித்து உலுக்குகிறார். "பாத்தியாலா! பாத்தியாலா!" கிட்டே வந்த பிறகுதான் பார்த்தேன். ஒவ்வொருத்தர் கையிலும் ஒரு காலி மண்ணெண்ணெய்த் தகரம்.

நம் ஜனங்களைக் குற்றம் சொல்ல முடியாது. கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள் என்றால் செம்போடு போவோம். கந்தூரியில் சோறு போடுகிறார்கள் என்றால் சட்டியோடு போவோம். எண்ணெய் வீட்டில் விசேஷம் என்றால் எதோடு போவது? தகரத்தோடுதான்.

"வரிசையா நிக்கிறோம் ராவுத்தரே, ஊத்துங்க!" என்றது கூட்டம்.

"ஊத்த இல்ல, காட்டக் கூப்பிட்டேன்! உள்ள வாங்க!"

முன்னால் நின்றவள் இருளாயி. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள், நாக்கும் அதே கத்திதான். "கறுப்புப் புட்டியப் பாக்கவா இம்புட்டுத் தூரம் காலைத் தேச்சோம்? எங்க ஆத்துத் தண்ணியே கறுப்பாத்தான் இருக்கு. அதுக்கு ஒரு கொட்டகை போடுங்களேன்!"

கூட்டம் சிரித்தது, சிரித்தபடியே வந்த வழியே திரும்பத் தொடங்கியது. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தவுக்கே காலியான கிட்டங்கியை எட்டிப் பார்த்து விசிறிக்கொண்டார். ராவுத்தர் முகம் செத்துவிட்டது. ஒரு நொடிதான். சட்டென்று கத்தினார்:

"யாரு தகரத்துல ஓட்டை இருக்கு?"

"ஏன், அடைச்சுத் தரப் போறீங்களா?" என்றாள் இருளாயி. அவள் தகரத்தின் அடியில் ஆணி ஓட்டை ஒன்று இருந்தது, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ரப்பர், அந்த ஒட்டுப்பாலை உருட்டி அடைத்திருந்தாள். ராவுத்தர் அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். "ஏ! ஏந் தகரம்!" என்று அவள் துரத்த, அவள் பின்னால் கூட்டம் துரத்த, எல்லாரும் கிட்டங்கிக்குப் பின்னாலிருந்த ஈயம் தோண்டிவிட்ட பழைய குட்டைக்கு வந்துவிட்டார்கள்.

ராவுத்தர் இடுப்பளவு இறங்கித் தகரத்தைத் தண்ணீருக்குள் முக்கி, தண்ணீர் நிறைந்தபடியே கவிழ்த்துப் பிடித்தார். "சீனி, கிண்டுலா!" மூங்கிலால் அடிச்சேற்றைக் கிண்டினேன். குமிழி குமிழியாகக் கிளம்பித் தகரத்துக்குள் ஏறியது. அழுகல் நாற்றம். தகரத்துக்குள் காற்று நிறைந்ததும் ஒட்டுப்பாலைப் பிடுங்கி, தகரத்தைக் கீழே அமுக்கிக்கொண்டு, ஓட்டை வாயில் தீக்குச்சியை நீட்டச் சொன்னார். குச்சியைக் கிழித்து நீட்டினேன்.

நீலமாய் ஒரு ஜ்வாலை! தண்ணீருக்கு மேலே, தகரத்தின் முதுகில் நின்று ஆடுகிறது! கரையில் "ஆத்தா!" என்று ஒரே சத்தம். பாதிப் பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"மீரியில எண்ணெய்க்கு முன்னால இப்படித்தான் காத்து வரும்!" ராவுத்தர் தண்ணீரில் நின்றே கூவினார். "எவனாவது பீடி பத்தவச்சான்னா போச்சு. நம்பலேன்னா என் புருவத்தக் கேளுங்க!"

"அப்ப இங்கயும் எண்ணெய் இருக்கா?" என்றான் ஒருவன்.

"இல்லப்பா, இது சேத்துக் காத்து. அது பாறைக்கு அடியில இருக்கிற காத்து. ரெண்டும் பங்காளி."

"ஏந் தகரத்தச் சுட்டுட்டீங்களே!" என்றாள் இருளாயி. ஆனால் முதல் ஆளாகக் கிட்டங்கிக்குள் நுழைந்தவளும் அவள்தான். அவள் பின்னால் அத்தனை பேரும். கயிறு இழுக்கக் கை வேண்டுமே, தகரங்களைச் சுவரோரப் பலகையில் வைத்தார்கள். தொம்! தொம்! ஆளுக்கு ஆள் போட்டி போட்டு இழுத்தார்கள். புட்டியை மோந்து பார்த்துத் தும்மினார்கள். ராவுத்தர் தொண்டை கிழியக் கதை சொன்னார். திடீரென்று பலகையைப் பார்த்து நின்றுவிட்டார்.

ஒரு தகரம் பால்வாளி ஆகியிருந்தது. ஒன்றுக்குக் கயிறு கட்டித் தொட்டில் ஆக்கியிருந்தார்கள். ஒன்றின் வாயோரம் ஆணியடித்துத் தேங்காய் துருவியிருந்தார்கள். ஒன்றை அடித்து அடித்தே மேளமாக்கியிருந்தான் ஒருத்தன். "சீனி, எண்ணெய் தீந்த பெறகும் இது சாவலியேலா! நான் பாதிக் கதையத்தான் வச்சிருந்தேன். மீதிய இவங்க தூக்கிட்டு வந்திருக்காங்க!" சாயங்காலம்வரை தகரங்கள் பலகையிலேயே இருக்கட்டும் என்று கெஞ்சி வாங்கினார். தவுக்கே தன் கிட்டங்கிக்குள் தானே நுழைய இடமில்லாமல் வாசலில் நின்று சிரித்தார். சாவியை அப்போதே நீட்டிவிட்டார்.

இனிதான் முக்கியமான சங்கதி. பொழுது சாய்ந்து ஜனங்கள் தகரத்தைக் கேட்டார்கள். ராவுத்தர் இருளாயியின் தகரத்தைக் கையில் எடுத்தவர் கொடுக்காமல் நின்றார். "சீனி, இரவல் பாத்திரத்த வெறுமையாவா திருப்பிக் குடுப்போம்?" என்றார். கடையைத் திறந்து எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொரு தகரத்திலும் ஓர் அகப்பை ஊற்றித்தான் கையில் கொடுத்தார். கூட்டம் வந்தது முதலில், எண்ணெய் ஊற்றியது அப்புறம். அது விலையும் இல்லை, கூலியும் இல்லை, மரியாதை. இதைத்தான் ஆறு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இருளாயி மறுபடி ஒட்டுப்பாலை உருட்டி ஓட்டையில் அடைக்கப் போனாள். "மண்ணெண்ணெய் ரப்பரத் தின்னுடும் தங்கச்சி" என்று ராவுத்தரே துணி சோப்பைக் கிள்ளி அடைத்துக் கொடுத்தார். அந்தத் தகரத்தைக் காட்சிச்சாலைக்கே தந்துவிடேன் என்று கேட்டும் பார்த்தார். "அப்ப நான் எதுல தண்ணி எடுக்க? ஞாயித்துக்கெழம மட்டும் எரவல் தாரேன்" என்றாள். சொன்ன சொல் தவறவில்லை. ஞாயிறுதோறும் தலையில் கவிழ்த்துக்கொண்டு வருவாள். குட்டையில் ஜ்வாலை காட்டுவோம். சாயங்காலம் சோப்பு, ஓர் அகப்பை எண்ணெய், தகரம் அவள் தலையில்.

போன மழைக்கு ராவுத்தருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் பார்க்கப் போனேன். மூச்சு இரைத்தது, கண் மட்டும் அதே துடிப்பு. கடைச் சாவியையும் கிட்டங்கிச் சாவியையும் என் கையில் வைத்து மூடினார். அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது இதுதான்:

"நாளைக்கு இருளாயி வரும். நெருப்பு நல்லா எழும்பணும், சேத்த ஆழமாக் கிண்டு. பொழுது சாஞ்சா தகரத்த வெறுமையாக் குடுத்துடாதேலா. சோப்ப அமுக்கி வச்சுட்டு ஊத்து."